மரம் மறுபடி முளைக்கும், நுரையீரல் முளைக்குமா?



இந்தப் பகுதியில் இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, டிங்கிக் காய்ச்சல், மருந்து தெளிப்பில் வரும் ஆபத்து என்றுதான் வழக்கமாக எழுதி வருகிறேன். இந்தத் தடவை அடுப்பு, விளக்கு, மின்சாரம், ஆலைப் புகை என்று எழுதப் போகிறேன். "டிரசருக்கு இதெல்லாம் எதற்கு? ஊசி போட்டோமா, மாத்திரை கொடுத்தோமா என்று இருக்க வேண்டியதுதானே" என்று சிலர் நினைக்கலாம். நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டு நினைக்கட்டும்.

சில மாதங்களுக்கு முன் காலை பெரட்டு முடிந்த நேரம். எங்கள் தோட்ட ஆஸ்பத்திரிக்கு ஒரு பாட்டியும் பேரனும் வந்தார்கள். பாட்டிக்கு எழுபது வயதுக்கு மேல். படியேறி வருவதற்குள் மூச்சு இரைக்கிறது. இருமல் விட்டபாடில்லை.

"பாட்டி, சுருட்டு கிருட்டு பிடிச்சீங்களா அந்தக் காலத்துல?" என்று கேட்டேன்.

"ஐயோ தம்பி, வெத்தலை பாக்குதான் போடுவேன். சுருட்டு உங்க தாத்தா பிடிச்சாரு. அவரு போயி இருவது வருசமாச்சு."

"வீட்டுல எதுல சமைக்கிறீங்க?"

"கேஸ் இருக்குய்யா. அது டீ போட. சோறு, கொழம்பு எல்லாம் பின்னால வெறகு அடுப்புலதான். சும்மா கெடைக்கிற வெறகு, எதுக்குக் காசக் கரியாக்கணும்?"

அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டேன். ஐம்பது வருடம் பெட்டி பெட்டியாகச் சிகரெட் பிடித்த கிழவருக்குக் கேட்கும் அதே சத்தம். நான் அடுப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் பக்கத்தில் நின்ற பேரன், தமிழ்ப்பள்ளி மாணவன், குறுக்கே ஒரு கேள்வி கேட்டான்.

"டிரசர் ஐயா, விறகு புதுப்பிக்கக்கூடிய சக்தின்னு எங்க அறிவியல் பாடத்துல இருக்கு. நிலக்கரி, பெட்ரோல்தான் புதுப்பிக்க முடியாதது, கெட்டதுன்னு டீச்சர் சொன்னாங்க. அப்ப நல்ல சக்தியில சமைச்ச பாட்டிக்கு ஏன் இருமல்?"

பையன் கேட்டது நியாயமான கேள்வி. அன்று வரிசையில் பத்துப் பேர் காத்திருந்ததால் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனுக்கு மட்டுமல்ல, நம் எல்லோருக்கும் அது தேவை.

சேமிப்பும் சம்பளமும்

முதலில் பாடப் புத்தகம் சொல்வதைப் புரிந்துகொள்வோம். அது சொல்வது சரிதான்.

நிலக்கரி, பெட்ரோலிய எண்ணெய், இயற்கை எரிவாயு மூன்றும் தாத்தா புதைத்து வைத்த சேமிப்பு மாதிரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செடிகொடிகளும் கடல் உயிர்களும் மண்ணுக்கடியில் புதைந்து, அழுந்தி, வெந்து இப்படி ஆகியிருக்கின்றன. நம் நாட்டில் 1910-ஆம் ஆண்டு சரவாக் மீரியில் முதல் எண்ணெய்க் கிணறு எண்ணெய் கொடுக்கத் தொடங்கியது. அன்று முதல் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப யாரும் போட மாட்டார்கள். ஆகவே அது புதுப்பிக்க முடியாத சக்தி.

வெயில், காற்று, ஓடும் தண்ணீர், மரம் மட்டை எல்லாம் மாதச் சம்பளம் மாதிரி. இன்று செலவு செய்தாலும் மறுபடி வரும். ஆகவே புதுப்பிக்கக்கூடிய சக்தி. ஆனால் விறகு விஷயத்தில் ஒரு நிபந்தனை உண்டு. வெட்டின அளவுக்கு நட்டால்தான் அது சம்பளம். வெட்டிக்கொண்டே போய் நடாமல் விட்டால் அதுவும் கரைகிற சேமிப்புதான். பால்மரத்தை இருபத்தைந்து, முப்பது வருடத்தில் சாய்த்து மறுநடவு செய்யும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் "மறுபடி வருமா?" என்பது ஒரு கேள்விதான். "அதன் புகை யார் நெஞ்சுக்குள் போகிறது? அதனால் யார் வீடு இழக்கிறார்?" என்பது வேறு கேள்வி. பாடப் புத்தகம் முதல் கேள்வியைக் கேட்கிறது. தொழிலாளி இரண்டையும் கேட்க வேண்டும். இதுவே என் கருத்து.

சமையல்கட்டுப் புகை

விறகு எரியும்போது வெளிவருவது வெறும் புகை அல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி இருக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமனை முப்பது கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் அளவு. அதைவிடச் சிறியதும் உண்டு. மூக்கு மயிர் அதைத் தடுக்காது. சளி அதைப் பிடிக்காது. நேரே நுரையீரலின் அடிப்பைகளுக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். கூடவே கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

வருடக் கணக்கில் இதைச் சுவாசித்தால் மூச்சுக்குழாய் சுருங்கி வீங்கி, ஒரு நாளும் ஆறாத நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும். மாரடைப்பு, பக்கவாதம் வரும் வாய்ப்புக் கூடும். கண்ணில் புரை விழும் வாய்ப்பும் கூடும். அடுப்படியில் தாயின் இடுப்பிலும் முதுகிலும் இருக்கும் குழந்தைக்கு நிமோனியா எளிதில் பிடிக்கும். வீட்டுக்குள் எழும் இந்தப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு பால்மரத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். என் தாயார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பால்மரக் குச்சிகளைப் பற்றவைத்து, ஊதுகுழலால் ஊதி ஊதிச் சமைத்துவிட்டுத்தான் பெரட்டுக்கு ஓடுவார். எப்போதும் இருமுவார். இருமல் தாயின் சுபாவம் என்றே நாங்கள் நினைத்து வளர்ந்தோம். நான் டிரசர் வேலைக்கு வந்த பிறகும், இருமலோடு வந்த எத்தனையோ பெண்களுக்கு இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். "வீட்டில் எதில் சமைக்கிறீர்கள்?" என்று பல வருடம் கேட்கவே இல்லை. புகை பிடிப்பீர்களா என்று ஆண்களைக் கேட்கத் தெரிந்த எனக்குப் பெண்களிடம் அடுப்பைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. அது என் தவறு. இப்போது என் பதிவுப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகவே பையனுக்கு முதல் பதில்: மரம் மறுபடி முளைக்கும். பாட்டியின் நுரையீரல் மறுபடி முளைக்காது.

மண்ணெண்ணெயும் எஞ்சின் கொட்டகையும்

"அப்போ பழையபடி கெரசின் அடுப்புக்குப் போயிடலாமா?" என்று கேட்காதீர்கள். மண்ணெண்ணெய் புதுப்பிக்க முடியாததும் ஆகும், புகையும் தரும். போதாததற்குத் தீக்காயமும் விஷமும். எங்கள் காலத்தில் தோட்டத்து எஞ்சின் சாயங்காலம் ஓடி, ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளின் மூக்கைக் காலையில் துடைத்தால் துணி கறுப்பாக இருக்கும்.

இன்றும் சில வீடுகளில் மண்ணெண்ணெயும் டீசலும் பழைய சிராப், சோடாப் போத்தல்களில் இருக்கின்றன. இது மிகப் பெரிய ஆபத்து. குழந்தை குடித்துவிட்டால் தயவு செய்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். தீப்பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப் எதையும் தடவாதீர்கள்.

டீசல் புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு உறுதியாகவே அறிவித்தது. கரண்டு இல்லாத இரவில் சின்ன ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, குசினியிலோ, சன்னலடியிலோ ஓடவிடாதீர்கள். அதன் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே குடும்பத்தைக் கொன்றுவிடும். தலைவலி, வாந்தி, மயக்கம் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், சாப்பாட்டுக் கோளாறு என்று படுத்துக்கொள்ளாமல் உடனே வெளியே வாருங்கள்.

சுவிட்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

இப்போது பெரும்பாலான லயங்களுக்குத் தேசிய மின்கம்பி வந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. புகை இல்லை. ஆனால் புகை எங்கும் போய்விடவில்லை, தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி நிலக்கரியிலிருந்து வருகிறது. காப்பார், மஞ்சோங், ஜீமா, தஞ்சோங் பின் ஆகிய இடங்களில் பெரிய நிலக்கரி மின் நிலையங்கள் இருக்கின்றன. அந்த நிலக்கரியும் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. ஒரு யூனிட் மின்சாரம் நிலக்கரியில் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகும். கந்தக வாயு, நுண்தூசி, சாம்பல், சிறிதளவு பாதரசமும் சேர்ந்து வரும். புகைபோக்கியில் வடிகட்டிகள் இருக்கின்றன, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் தூசியை வடிகட்டலாம், கரியமில வாயுவை அப்படி வடிகட்ட முடியாது. அது வானத்தில் போர்வை மாதிரி படிந்து பூமியைச் சூடாக்குகிறது.

சூடு என்றால் ஏர்கோன் அறையில் இருப்பவருக்குச் செய்தி. நமக்கு அது வேலை நிலைமை. 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிஸிலும் வட கெடாவிலும் பள்ளிகளை மூடினார்கள். பள்ளியை மூடினார்கள், குலை வெட்டுவதை யார் நிறுத்தினார்கள்? நீண்ட கத்தியைத் தூக்கி, அண்ணாந்து பார்த்துக் குலை வெட்டும் தோழருக்குச் சிறுநீர் தேநீர் நிறத்தில் போவதை நான் பார்க்கிறேன். அது உடம்பில் நீர் வற்றியதற்கும் சிறுநீரகம் கஷ்டப்படுவதற்கும் அடையாளம். நிலக்கரிக்கும் நம் சிறுநீரகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

தண்ணீர் மின்சாரமும் கண்ணீரும்

நீர்மின்சாரத்தில் புகை கிடையாது. பேராக்கில் செண்டரோ அணை 1930 முதல் மின்சாரம் கொடுத்து வருகிறது. இது நல்ல விஷயம்தான்.

ஆனால் சரவாக்கின் பாக்குன் அணையைப் பாருங்கள். 2011-இல் மின்சாரம் தரத் தொடங்கிய அதன் திறன் 2,400 மெகாவாட். அதன் நீர்த்தேக்கம் ஏறத்தாழ சிங்கப்பூர் தீவின் அளவு. அந்தத் தண்ணீருக்கு இடம் கொடுக்க ஏறக்குறைய 10,000 பூர்வகுடி மக்கள் தங்கள் நீள வீடுகளையும் காடுகளையும் மூதாதையர் சமாதிகளையும் விட்டு சுங்கை ஆசாப்புக்குப் போனார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, கோயிலையும் இடுகாட்டையும் விட்டு வெளியேறிய நம் மக்களுக்கு அந்த வலியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேமரன் மலையில் 2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவில் சுல்தான் அபு பாக்கார் அணையின் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஆனது. அந்த நீர்த்தேக்கம் தூர்ந்து போவதற்கு முக்கியக் காரணம், மேலே மலைச் சரிவுகளை வெட்டி வெறுமையாக்கியதால் வரும் மண். தண்ணீர் புதுப்பிக்கக்கூடியதுதான். மலையை வழித்தெடுத்தால் அந்தத் தண்ணீரும் சேறாகத்தான் வரும்.

நம் செம்பனை ஆலை

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

செம்பனை ஆலை ஒரு மின் நிலையமும்கூட. குலையை அவித்து எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் போட்டு எரித்து, அந்த நீராவியில் டர்பைன் ஓட்டி, ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தை ஆலையே எடுத்துக்கொள்கிறது. டீசல் மிச்சம், நிலக்கரி வேண்டாம். நல்ல ஏற்பாடு. ஆனால் நார் ஈரமாக இருந்தால், காற்று சரியாகப் போகாவிட்டால், கறுப்புப் புகை லயத்துப் பக்கம் இறங்கும். காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் கரி விழும். சட்டையில் விழுவது நெஞ்சிலும் விழும். புகைபோக்கியிலிருந்து எவ்வளவு தூசி வரலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. அதைக் கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது.

அடுத்தது ஆலையின் கழிவுநீர்க் குளங்கள். அந்த வாடை உங்களுக்குத் தெரியும். குளத்திலிருந்து கொப்புளம் கொப்புளமாக வருவது மீத்தேன் வாயு. நூறு வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். அதே மீத்தேனைக் குளத்தை மூடிப் பிடித்தால் அது நல்ல எரிபொருள். புதிதாகக் கட்டும் ஆலைகளும், விரிவுபடுத்தும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடிக்கும் வசதி வைக்க வேண்டும் என்று 2014 ஜனவரி முதல் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் நிபந்தனை விதித்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 டன் குலை அரைத்தால் ஏறத்தாழ 65 டன் கழிவுநீர் வரும். ஒரு டன் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் வாயு. ஆக 1,800 கன மீட்டர். அதை எஞ்சினில் எரித்தால் 3,000 யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் எடுக்கலாம். மாதம் 300 யூனிட் ஓடும் வீடு என்றால், 300 வீட்டுக்கு ஒரு நாள் மின்சாரம். ஒரு ஆலை ஒரு நாளில் 100 டன்னோடு நிற்பதில்லை என்பதை அங்கே வேலை செய்யும் நீங்களே அறிவீர்கள்.

அந்தச் சக்தி நாம் வெட்டிச் சுமந்த குலையிலிருந்து வருகிறது. அப்படியிருக்க, ஆலைக்குப் பக்கத்து லயத்தில் ஒரு பாட்டி ஏன் இன்னும் விறகு ஊதிக்கொண்டிருக்க வேண்டும்? இதுதான் என் கேள்வி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குளத்து வாயுவில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை போச்சு, இறங்கலாம்" என்று தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்காதீர்கள். காற்றைச் சோதித்து, கயிறு கட்டி, மேலே ஆள் வைத்துத்தான் இறங்க வேண்டும். விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதித்தால் இருவர் உயிரும் போகும்.

செம்பனை எண்ணெயையே டீசலோடு கலக்கிறார்கள். 2019 முதல் வாகன டீசலில் 10 விழுக்காடு கலப்பு வந்தது. இது நம் உழைப்புக்குச் சந்தை. நான் அதை எதிர்ப்பவன் அல்ல. ஆனால் புதிய காட்டையும் கரிமண் சதுப்பு நிலத்தையும் எரித்துத்தான் செம்பனை நடுவது என்றால், அந்த எண்ணெயைப் பசுமை என்று சொல்ல முடியாது. அப்படி எரிந்த நிலங்களின் புகைமூட்டத்தை நாம் அனுபவித்தோம். 1997-இல் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800-ஐத் தாண்டியது. 2005 ஆகஸ்ட்டில் கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும், 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2015-லும் 2019-லும் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த நாட்களில் ஆஸ்துமாப் பிள்ளைகள் என் ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து ஆவி பிடித்தார்கள்.

வெயிலை ஏன் வீணாக்குகிறோம்?

நம் நாட்டில் மின்சாரம் எடுக்கும் அளவுக்குக் காற்று பலமாக வீசுவதில்லை. ஆனால் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒரு கிலோவாட் சூரியத் தகடு மாதம் ஏறத்தாழ 100 யூனிட் தரும். புகை இல்லை, சத்தம் இல்லை.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. தகடு ஏறத்தாழ இருபத்தைந்து வருடம் உழைக்கும், அப்புறம் அதுவும் குப்பை. பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் இருக்கிறது. அதை உடைத்து ஈயம் எடுத்து விற்க நினைக்காதீர்கள். பிள்ளைகளின் மூளையை ஈயம் கெடுக்கும். பழைய லயக் கூரைகளில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதன்மேல் ஏறித் துளை போடவும் கூடாது. அந்தத் தூசி பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரும். முதலில் கூரையை மாற்ற வேண்டும், பிறகுதான் சூரியத் தகடு.

பெரிய தடை வேறு. கூரை நம்முடையது அல்ல. தோட்ட வீடு நிர்வாகத்தின் வீடு. பட்டணத்து வீட்டுக்காரர் தன் கூரையில் தகடு வைத்து மின்கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறார். நம்மால் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. ஆகவே இது தனி ஆள் தீர்க்கிற காரியம் அல்ல. சங்கம் பேச வேண்டிய காரியம்.

நம் கையில் இருப்பது

நாளைக் காலையிலிருந்தே செய்யக்கூடியவை சில:

1. முடிந்தவரை கேஸ் அல்லது மின் அடுப்பில் சமையுங்கள். நீண்ட நேரம் வேகும் பருப்பு, இறைச்சியைப் பிரஷர் குக்கரில் வைத்தால் கேஸ் பாதியாகக் குறையும்.
2. விறகுதான் வழி என்றால், அடுப்பைத் திறந்த வெளியில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள். மூடி போட்டுச் சமையுங்கள்.
3. பிளாஸ்டிக், ரப்பர் துண்டு, மருந்துக் கலன், சாயம் பூசிய பலகை எதையும் அடுப்பிலோ குப்பையிலோ எரிக்காதீர்கள். அந்தப் புகை விறகுப் புகையைவிடக் கொடியது. வெளியில் குப்பை எரிப்பது சட்ட விரோதமும் ஆகும்.
4. கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் புகையடியில் வைக்காதீர்கள்.
5. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காட்டுங்கள். அது காச நோயாகவும் இருக்கலாம். "புகை இருமல்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

சங்கம் கேட்க வேண்டியது

1990-ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம், தோட்ட வீடுகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்வதை முதலாளியின் பொறுப்பாக வைத்திருக்கிறது. அதற்கு மேலே நாம் நான்கு கோரிக்கைகளை மேசையில் வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒன்று, ஒவ்வொரு லயத்து வீட்டிலும் புகையில்லா அடுப்பு. இரண்டு, ஆலை வாயுவிலோ சூரிய ஒளியிலோ எடுக்கும் மின்சாரத்தில் லயத்துக்கும் ஆயா கொட்டகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பங்கு. மூன்று, கொதிகலனில் வேலை செய்பவர்களுக்கு வருடம் ஒரு முறை நுரையீரல், காது பரிசோதனை. நான்கு, புகைமூட்டத்தில் குறியீடு 100-ஐத் தாண்டினால் நல்ல முகக்கவசம், 200-ஐத் தாண்டினால் வெளிவேலை நிறுத்தம், அன்றைய சம்பளம் வெட்டாமல்.

இந்தக் கோரிக்கையில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்து நம் பக்கத்து லயத்தில் தங்கியிருக்கும் தொழிலாளரையும் சேர்க்க வேண்டும். புகை கடப்பிதழைப் பார்த்து நுழைவதில்லை.

"சம்பள உயர்வு கேட்கவே மூச்சு முட்டுது, இதையெல்லாம் எவன் தருவான்?" என்று ஒரு மூத்த தோழர் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன்: "அண்ணே, 2025-இல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆச்சு. சந்தோஷம். ஆனா மூச்சு முட்டி மாசத்துல ஆறு நாள் வேலைக்குப் போகலன்னா அந்த 1,700 முழுசா கைக்கு வருமா? உடம்புதானே நம்ம முதல்?" அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மின்சாரமே வேண்டாம், பழைய காலம்தான் நல்லது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பழைய காலத்தில்தான் என் தாயார் இருமினார். நிலக்கரி ஒரே நாளில் போய்விடாது. ஆனால் எது வந்தாலும், "மறுபடி வருமா?" என்று கேட்பதோடு "யார் நெஞ்சுக்குப் போகிறது?" என்றும் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

அந்தப் பாட்டி போன வாரமும் வந்தார். மகன் குசினியில் இரட்டை கேஸ் அடுப்பு வாங்கி வைத்திருக்கிறாராம். போன நுரையீரல் திரும்பாது, இருப்பது இன்னும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இழுப்பு மருந்தை எப்படி எடுப்பது என்று பேரன்தான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறான். அவனிடம் என் பதிலை இந்த இதழில் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அந்த இருமல் இருந்தால், மருந்துக்கு வரும்போது அடுப்பைப் பற்றியும் உங்கள் டிரசரிடம் சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.